பாலாற்றை யார் யார் வரைந்தார்கள்? விரிஞ்சிபுரத்திலிருந்து ஒரு வரைபட வரலாறு

1/
விரிஞ்சிபுரம்னு சொன்னா பலருக்கும் முதல்ல ஞாபகம் வர்றது "மதில் அழகு". கோயில் சாமி பேரு மார்க்கபந்தீஸ்வரர். தமிழ்ல வழித்துணைநாதர். வழிப்போக்கர்களுக்குத் துணையா வர்ற சாமி.

அந்த ஊர்ல நின்னு வரைபடங்களோட வரலாற்றைப் பேசலாம்னு இருக்கேன். கல்லுல செதுக்கின காலத்துல ஆரம்பிச்சு, செல்போன்ல விரல் வச்சுப் பெருசாக்கிப் பார்க்கிற இன்னைக்கு வரைக்கும். நீளமான இழைதான். டீயோட உக்காருங்க.

2/
"டாக்டருக்கும் மேப்புக்கும் என்ன சார் சம்பந்தம்?"

நாங்க நாள் பூரா பார்க்கிறது மேப்தாங்க. எக்ஸ்ரே, ஈசிஜி, ஸ்கேன் எல்லாமே உடம்போட வரைபடம். 1971-ல் லண்டனில் முதல் நோயாளிக்கு சிடி ஸ்கேன் எடுத்தாங்க. அதுவரைக்கும் மூளைக்குள்ள என்ன இருக்குன்னு நேரடியாப் பார்க்கணும்னா மண்டையைத் திறக்கணும். அதைக் கண்டுபிடிச்ச ஹவுன்ஸ்ஃபீல்டும் கோர்மாக்கும் 1979-ல் நோபல் பரிசு வாங்கினாங்க.

கண்ணுக்குத் தெரியாததைத் தெரிய வைக்கிறது. உடம்புக்குச் செய்யறதையே நிலத்துக்குச் செஞ்சா அதுதான் புவியியல் காட்சிப்படுத்தல்.

3/
முதல்ல இடத்தைப் புரிஞ்சுக்கோங்க.

பாலாறு மொத்தம் 348 கி.மீ. கர்நாடகாவில் பிறந்து, ஆந்திராவில் கொஞ்ச தூரம் ஓடி, தமிழ்நாட்டுல 222 கி.மீ. வருது. வாணியம்பாடி, ஆம்பூர், பள்ளிகொண்டா, விரிஞ்சிபுரம், வேலூர், ராணிப்பேட்டை. இந்த வரிசையை மனசுல வச்சுக்கோங்க. விரிஞ்சிபுரம் ஆம்பூருக்குக் கீழே, வேலூருக்கு மேலே.

செல்போன் மேப்ல பாருங்க, பாலாறு நீலக் கலர்ல அழகா ஓடும். நேர்ல போனா வருஷத்துல பெரும்பாலான நாள் மணல்தான். அந்த நீலக் கோடு யாரோ ஒருத்தர் எடுத்த முடிவு. இந்த இழை முழுக்க அந்த மாதிரி முடிவுகளைப் பத்தித்தான்.

4/
விரிஞ்சிபுரம் கோயிலுக்குள்ள ஒரு கல் இருக்கு. நேரம் காட்டும் கல்லுன்னு சொல்வாங்க. அரைவட்டமா செதுக்கி, எண்கள் போட்டிருக்கும். மேலே உள்ள பள்ளத்துல ஒரு குச்சியை வச்சா, நிழல் எந்த எண் மேல விழுதோ அதுதான் மணி.

சூரியன் நகர்றதை நேரா உத்துப் பார்க்க முடியாது. ஆனா நிழலா, கோடா, எண்ணா மாத்திட்டா சின்னப் பிள்ளை கூடப் படிச்சிடும். இன்னைக்குக் கம்ப்யூட்டர்ல செய்யற காட்சிப்படுத்தலோட அடிப்படையும் இதேதான். அளவு ஒண்ணு வேணும், அதைக் காட்ட ஒரு பரப்பு வேணும், படிக்க ஒரு குறியீடு வேணும்.

5/
அதே கோயில் கோபுரத்துல ஒரு புகழ்பெற்ற கல்வெட்டு இருக்கு. கி.பி. 1425, விஜயநகர மன்னர் தேவராயர் காலம். படைவீட்டு ராஜ்ஜியத்தைச் சேர்ந்த பிராமணர்கள் கூடி எழுதிக்கிட்ட ஒப்பந்தம். கன்னடர், தமிழர், தெலுங்கர், லாடர்னு எல்லாரையும் சேர்த்துச் சொல்லுது. பொன் வாங்கிக்கிட்டுப் பெண் கொடுக்கக் கூடாது, பொன் கொடுத்துப் பெண் எடுக்கவும் கூடாது. மீறினா அரச தண்டனை, சமூக விலக்கு.

1890-ல் ஹுல்ஷ் பதிப்பிச்ச தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியிலேயே இது இருக்கு.

6/
இதுல வரைபடம் எங்க வருது?

அந்த ஒப்பந்தம் யாருக்குப் பொருந்தும்னு ஒரு எல்லை சொல்லுதே, அதுதான். "இந்த ராஜ்ஜியத்தில் உள்ளவர்களுக்கு." படம் இல்லை, சொல்லால போட்ட எல்லை. நிலதானக் கல்வெட்டுகள்ல இது இன்னும் தெளிவா இருக்கும். கிழக்கெல்லை இந்த வாய்க்கால், தெற்கெல்லை இந்தப் பாறைன்னு நாலு பக்கமும் நடந்து காட்டும்.

கோட்டுக்கு உள்ள இருந்தா ஒரு சட்டம், வெளிய இருந்தா வேற சட்டம். இந்த விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க. 600 வருஷம் கழிச்சு திரும்ப வரும்.

7/
சொல்லால போட்ட எல்லையைப் படமா மாத்த முடியுமா? மாத்திக் காட்டினார் ஒரு தமிழர். பேராசிரியர் எ. சுப்பராயலு.

அவர் செஞ்சது கேட்க எளிமையா இருக்கும். கல்வெட்டுல "இன்ன நாட்டு இன்ன ஊர்"னு வரும். அந்த ஊர் இன்னைக்கு எதுன்னு தேடணும். மேப்ல ஒரு புள்ளி வைக்கணும். ஆயிரக்கணக்கான ஊர்களுக்கு இப்படியே செஞ்சா, புள்ளிகள் கூட்டம் கூட்டமா சேர்ந்து பழைய நாடுகளோட உருவம் தெரியும். கம்ப்யூட்டர் புழங்காத காலத்துல செஞ்ச வேலை. சோழநாட்டு அரசியல் புவியியல் பத்தின அவரோட ஆங்கில நூல் 1973-ல் வந்தது.

8/
அப்படிப் புள்ளி வச்சதுல ஒரு பெரிய விஷயம் புலப்பட்டது. "நாடு" என்பது அரசன் கோடு கிழிச்சு உண்டாக்கின நிர்வாகப் பிரிவு கிடையாது. விவசாய ஊர்கள் தானா சேர்ந்து உருவான தொகுதி. பாசனமும் விளைநிலமும் சேர்ந்து வரைஞ்ச எல்லைன்னு சொல்லலாம்.

இது எந்த ஒரு கல்வெட்டுலயும் எழுதியிருக்காது. எல்லாத்தையும் மேப்ல வச்ச பிறகுதான் தெரியும். பின்னாடி புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துல தென்னிந்திய வரலாற்று வரைபடத் தொகுப்பை டிஜிட்டலா உருவாக்கின திட்டத்தையும் அவர் வழிநடத்தினார்.

9/
அடுத்து வெள்ளைக்காரன் காலம்.

1802 ஏப்ரல் 10. வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலையில் எஃகுச் சங்கிலியைத் தரையில போட்டு அளக்க ஆரம்பிச்சார். பெரும்பாக்கம் வரை சுமார் 12 கி.மீ. அதை அளக்க 57 நாள் ஆச்சு. அவ்வளவு துல்லியம் தேவைப்பட்டது, ஏன்னா அந்த ஒரு கோட்டை வச்சுத்தான் மீதி எல்லாத்தையும் கணக்குப் போடணும்.

ஒரு பக்கத்தோட நீளமும் ரெண்டு கோணமும் தெரிஞ்சா முக்கோணத்தோட மத்த பக்கங்களைக் கணக்குலயே கண்டுபிடிக்கலாம். எட்டாங்கிளாஸ் வடிவியல்தான். அப்படி முக்கோணம் மேல முக்கோணமா மேற்கே நகர்ந்தாங்க. 1804-ல் பெங்களூர் பக்கத்துல இன்னொரு அடிக்கோடு அளந்து சரிபார்த்தாங்க.

10/
கோணம் அளக்கிற தியோடலைட் கருவி மட்டுமே அரை டன். அதை மலை உச்சிக்குத் தூக்கிட்டுப் போனவங்க நம்ம ஆளுங்க. கொடி பிடிச்சு நின்னவங்க, காடு வெட்டினவங்க, காய்ச்சல்ல செத்தவங்க. மேப்ல லாம்டன் பேரு இருக்கு, அவங்க பேரு இல்லை.

தஞ்சாவூர் சமவெளியில மலையே இல்லைன்னு 1808-ல் பெரிய கோயில் மேல ஏத்தப் பார்த்தாங்க. கயிறு அறுந்து கருவி மோதி நசுங்கிடுச்சு. லாம்டன் வாரக்கணக்கா உக்காந்து தானே சரிபண்ணினார்னு வரலாறு சொல்லுது.

11/
இந்த அளவை ஏன் அப்போ வந்தது? 1799-ல் திப்பு விழுந்தாச்சு. கம்பெனிக்குக் கடல்ல இருந்து கடல் வரைக்கும் நிலம் கைக்கு வந்தாச்சு. படை நகரணும், வரி வாங்கணும். அதுக்கு மேப் வேணும்.

சென்னையில் 1794-லேயே நில அளவைப் பள்ளி தொடங்கிட்டாங்க. அதுதான் வளர்ந்து இன்னைக்குக் கிண்டி பொறியியல் கல்லூரி. நம்ம பசங்க கட்-ஆஃப் பார்த்து ஏங்குற அந்தக் காலேஜோட விதையே சங்கிலி பிடிச்சு நிலம் அளக்கிற படிப்புதான்.

12/
மலை உச்சியில முக்கோணம் போட்டது மேல்மட்ட வேலை. கீழே வயல்ல நடந்தது வருவாய் அளவை. சர்வே கல் நட்டு, சங்கிலி பிடிச்சு, ஒவ்வொரு வயலுக்கும் எண் கொடுத்து, புலப்படம் வரைஞ்சாங்க. நீங்க இன்னைக்கு ஆன்லைன்ல பட்டாவோட எடுக்கிறீங்களே எஃப்எம்பி, அதோட தாத்தா.

அந்த வரைபடத்தோட கண்ணுல நிலம் மூணே வகை. நஞ்சை, புஞ்சை, புறம்போக்கு. வரி வர்றது, கொஞ்சமா வரி வர்றது, வராதது.

ஆறு எதுல வரும்? புறம்போக்கு. அளக்க ஆள் உண்டு, கேட்க ஆள் கிடையாது. பாலாற்றோட பிற்கால விதிக்கு இந்த ஒரு சொல்லும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன்.

13/
இப்போ தோல்.

இந்தப் பகுதியில ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிடறது பழைய தொழில். 1856 ஜூலை 1 அன்னைக்கு ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடு வரைக்கும் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடிச்சு. அந்தத் தண்டவாளம் மேற்கே நீள நீள, இந்தப் பகுதித் தோலுக்குச் சென்னைத் துறைமுகம் பக்கமாச்சு.

பெரிய திருப்பம் 1970-கள்ல. 1972-ல் சீதாராமையா குழு, பாதி பதனிட்ட தோலா அனுப்பாம முழுசா முடிச்ச தோலாவும் பொருளாவும் ஏற்றுமதி பண்ணணும்னு பரிந்துரை செஞ்சது. நல்ல நோக்கம், வேலையும் பெருகிச்சு. கூடவே குரோமியம் போட்டுப் பதனிடறதும் பெருகிச்சு.

14/
நிறைய பேர் குரோமியத்தை மட்டும் பேசுவாங்க. உப்பைப் பத்தியும் தெரிஞ்சுக்கோங்க.

பச்சைத் தோல் அழுகாம இருக்க உப்புல போட்டுத்தான் வரும். தொழிற்சாலையில முதல் வேலையே அந்த உப்பைக் கழுவறது. அந்தக் கழிவுநீரைச் சுத்திகரிச்சாலும் கரைஞ்ச உப்பை எடுக்கிறதுதான் ரொம்பக் கஷ்டம், ரொம்பச் செலவு. அது மணல் வழியா இறங்கினா கிணத்துக்குப் போகும்.

ஒரு கிலோ தோலை முடிக்க கிட்டத்தட்ட 35 லிட்டர் தண்ணி, குரோம் பதனிடலில் 170 வகை ரசாயனம்னு பின்னாடி உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாச்சு.

15/
அதே காலத்துல வானத்துல இருந்தும் ஆள் பார்க்க ஆரம்பிச்சாச்சு.

1972-ல் அமெரிக்காவின் லேண்ட்சாட். 1988 மார்ச் 17-ல் நம்ம ஐஆர்எஸ்-1ஏ. அதோட நல்ல கேமராவுக்கே ஒரு புள்ளின்னா தரையில சுமார் 36 மீட்டர். 2005-ல் போன கார்ட்டோசாட்-1-க்கு ஒரு புள்ளி 2.5 மீட்டர். 2009-ல் இஸ்ரோ "புவன்" தளத்தைத் திறந்தது. 2021 பிப்ரவரி 15-ல் மத்திய அரசு வரைபடத் தரவுகள் மேல இருந்த பழைய கட்டுப்பாடுகளைப் பெருமளவு தளர்த்திச்சு.

ஒரு காலத்துல பட்டாளத்துக்காரங்க பூட்டி வச்ச விஷயம், இப்போ உங்க பாக்கெட்ல.

16/
2016-ல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் 30 லட்சம் லேண்ட்சாட் படங்களைக் கம்ப்யூட்டர்ல போட்டு, உலகம் முழுக்க எங்க எப்போ தண்ணி இருந்தது, எங்க காணாமப் போச்சுன்னு 32 வருஷத்துக்கு மேப் போட்டாங்க. யார் வேணும்னாலும் இணையத்துல பார்க்கலாம். கூகுள் எர்த்திலும் 1984-ல இருந்து ஒரு இடம் மாறினதைச் சினிமா மாதிரி ஓட்டிப் பார்க்கலாம்.

உங்க ஊர் ஏரியை வச்சு ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. தூக்கம் வராது.

17/
ஆனா ஒண்ணு. செயற்கைக்கோள் பார்க்கிறது தோலை மட்டும்தான். எங்க பாஷையில சொன்னா, தூரத்துல நின்னு நோயாளியோட முகத்தைப் பார்க்கிற மாதிரி.

2021 நவம்பர்ல பாலாறு ரெண்டு கரையும் தொட்டு ஓடுச்சே, அது வானத்துல இருந்து நல்லாத் தெரியும். மணலுக்கு அடியில ஓடற தண்ணியில எவ்வளவு உப்பு இருக்குன்னு தெரியாது. பாலாறோட உயிரே அந்த அடிநீர்தான். கையால மணலைத் தோண்டினா தண்ணி ஊறின ஆறு, ஊற்றுக்கால் வெட்டி வயலுக்குக் கொண்டுபோன ஆறு.

அப்போ நிலத்துக்கு சிடி ஸ்கேன் எடுக்கிறது எப்படி?

18/
கிணறு கிணறா இறங்கி தண்ணி எடுக்கணும். ஒவ்வொரு கிணறும் மேப்ல ஒரு புள்ளி. புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவுல என்ன இருக்குன்னு கணக்குப் போட்டு நிரப்பணும். கிட்ட இருக்கிற கிணத்துக்கு அதிக மதிப்பு, தூரக் கிணத்துக்குக் குறைச்ச மதிப்பு. இந்தக் கணக்குக்கு கிரிகிங்னு பேரு. 1951-ல் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கப் பொறியாளர் டேனி கிரிகே போட்ட வழி. தங்கம் தேடக் கண்டுபிடிச்சதை இன்னைக்கு மாசு தேடப் பயன்படுத்தறோம்.

ஒரு எச்சரிக்கை. பச்சையில இருந்து சிவப்புக்கு அழகா மாறற நிலத்தடி நீர் மேப்பைப் பார்த்தா, "எத்தனை கிணறு, எங்கெங்க?"ன்னு முதல்ல கேளுங்க. கிணறே பார்க்காத இடத்துலயும் மேப் கலர் அடிக்கும்.

19/
இந்த பாலாற்றுக்கே ஒரு முக்கியமான ஆய்வு நடந்தது. ஹைதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் எம். தங்கராஜன், மேல்பாலாற்றுப் படுகையைக் கட்டம் கட்டமாப் பிரிச்சு, ஒரு கட்டத்துல இருந்து அடுத்த கட்டத்துக்குத் தண்ணியும் உப்பும் எப்படி நகருதுன்னு கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பார்த்தார். 1999-ல் வெளியாச்சு.

முடிவு என்ன தெரியுமா? கலக்கிற மாசைப் பாதியாக் குறைச்சாலும், 20 வருஷம் கழிச்சும் நிலத்தடி நீரில் கரைந்த உப்பு பாதிக்குக் கீழே இறங்காது.

1999 கூட 20. அந்த 20 வருஷம் முடிஞ்சு போச்சுங்க.

20/
புவியியல் காட்சிப்படுத்தல்னு 1990-கள்ல தனித் துறையா வளர்ந்தப்போ ஆய்வாளர்கள் சொன்ன முக்கியமான விஷயம் இது. மேப் போடறது தெரிஞ்சதைக் காட்ட மட்டும் கிடையாது. தெரியாததைத் தேடறதுக்கும்தான். நேத்து எப்படி, நாளைக்கு எப்படின்னு ஓட்டிப் பார்க்கலாம். "இந்த வால்வை மூடினா என்ன ஆகும்?"னு கேட்கலாம்.

சரி, கேட்டாச்சு, பதிலும் வந்தாச்சு. அது கோர்ட்டுக்குப் போனா என்ன ஆகும்? அங்கதான் விஷயமே இருக்கு.

21/
1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துல வழக்குப் போட்டது. 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு. "மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்", "ஆதாரம் முழுமையாக வரும் வரை காத்திராமல் முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும்" ஆகிய ரெண்டு கொள்கைகளையும் இந்தியச் சட்டத்தின் பகுதின்னு அறிவிச்ச தீர்ப்பு. நாட்டுல சட்டம் படிக்கிற எல்லா மாணவரும் படிக்கிற வழக்கு இது. பேருலயே வேலூர் இருக்கு.

தோல் தொழில் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிர் செய்ய முடியாமல் போனதுன்னும் அதுல பதிவாகியிருக்கு.

22/
அந்தத் தீர்ப்புப்படி ஓர் ஆணையம் அமைச்சாங்க. பாதிக்கப்பட்டவங்க யாருன்னு கணக்கெடுத்து 2001 மார்ச்சில் இழப்பீடு அறிவிச்சாங்க. 29,000-க்கும் மேற்பட்டோருக்கு, 500-க்கும் மேற்பட்ட ஆலைகள்கிட்ட இருந்து, மொத்தம் சுமார் 27 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்க, ஆளுக்குச் சராசரியா பத்தாயிரம் கூட வராது.

அத்தோட முடியல. 2025 ஜனவரி 30-ல் நீதிபதிகள் பார்திவாலா, மகாதேவன் அமர்வு மறுபடி பாலாற்று மாசு வழக்குல தீர்ப்புச் சொன்னது. பாக்கி இழப்பீட்டை அரசு கொடுத்துட்டு ஆலைகள்கிட்ட வசூலிக்கணும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் கண்காணிப்புக் குழு அமைக்கணும்னு உத்தரவு. 1991-ல இருந்து எண்ணிப் பாருங்க. 34 வருஷம்.

23/
"பாதிக்கப்பட்டவர்" யாருன்னு எப்படி முடிவு பண்ணுவீங்க? ஒரு கோடு போட்டாகணும். கோட்டுக்கு உள்ள உள்ளவருக்குப் பணம், வெளிய உள்ளவருக்கு இல்லை. 1425 கல்வெட்டுல பார்த்தோமே, அதே எல்லை.

நிலத்தை அலகா வச்சுக் கணக்கெடுத்தா சர்வே எண் உள்ளவர் கண்ணுக்குத் தெரிவார். அந்த நிலத்துல கூலி வேலை செஞ்சு, அதே கிணத்துத் தண்ணியைக் குடிச்சவருக்கு சர்வே எண் கிடையாது. புலப்படத்துல வயலுக்கு எண் உண்டு, வாய்க்கு எண் கிடையாது. வரி வாங்கறதுக்குப் போட்ட வரைபடத்தை வச்சு நியாயம் தேடும்போது வர்ற சிக்கல் இது.

24/
இன்னொரு சிக்கல். 2019-ல் வேலூர் மாவட்டம் மூணாப் பிரிஞ்சது. ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போச்சு. ராணிப்பேட்டை தனி மாவட்டம். விரிஞ்சிபுரம் வேலூரிலேயே இருக்கு.

நிர்வாகத்துக்கு ரொம்ப நல்லது. ஆனா ஆறு மாவட்டம் பார்த்து ஓடாதே. 2018-ன் "வேலூர் மாவட்டம்" வேற, 2020-ன் "வேலூர் மாவட்டம்" வேற. ரெண்டு வருஷத்து எண்ணிக்கையைப் பக்கத்துல வச்சு "நோய் குறைஞ்சிடுச்சு"ன்னு யாராவது சொன்னா, குறைஞ்சது நோயா, மாவட்டமான்னு கேளுங்க.

25/
இப்போ எங்க ஏரியாவுக்கு வரேன்.

1854, லண்டன். சோஹோ பகுதியில காலரா. 600-க்கும் மேல சாவு. ஜான் ஸ்னோ என்ற டாக்டர் சாவு நடந்த ஒவ்வொரு வீட்டையும் மேப்ல கறுப்புக் கோடா போட்டார். எல்லாக் கோடும் பிராட் தெருவுல இருந்த ஒரு தண்ணிப் பம்பைச் சுத்திக் குவிஞ்சது. செப்டம்பர் 8-ல் பம்போட கைப்பிடியைக் கழட்டினாங்க.

இந்தக் கதையை எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க. சொல்லாம விடற பகுதி ஒண்ணு இருக்கு.

26/
கைப்பிடியைக் கழட்டும்போதே நோய் இறங்க ஆரம்பிச்சிருந்தது. மேப் அச்சானதும் அதுக்குப் பிறகுதான். ஸ்னோ மேப்பைப் பார்த்துக் கண்டுபிடிக்கல. வீடு வீடாப் போய், "தண்ணி எங்க பிடிச்சீங்க?"ன்னு கேட்டுக் கண்டுபிடிச்சார். மேப் போட்டது மத்தவங்களை நம்ப வைக்க.

மேப்ல வெறுமையா இருந்த இடங்களையும் அவர் விடலை. பக்கத்துலயே 535 பேர் இருந்த ஏழைகள் விடுதியில (வொர்க்ஹவுஸ்) 5 பேர்தான் செத்தாங்க. ஏன்? அங்க தனிக் கிணறு. பியர் தொழிற்சாலையில 70-க்கும் மேற்பட்ட தொழிலாளிகள்ல சாவே இல்லை. அவங்களுக்கு பியரும் சொந்தக் கிணறும் இருந்தது.

27/
நம்ம ஊர்லயும் இந்த வழி தெரிஞ்சவங்க இருக்காங்க. தென்னிந்தியக் கிராமம் ஒன்றில் வந்த வயிற்றுப்போக்குப் பரவலை வேலூர் சிஎம்சி ஆய்வாளர்கள் டிஜிட்டல் வரைபட முறையில ஆராய்ஞ்சு 2007-ல் கட்டுரை வெளியிட்டாங்க. 2020-ல் கொரோனா வந்தப்போ மாவட்டத்துக்கு மாவட்டம் சிவப்பு, ஆரஞ்சு, பச்சைன்னு கலர் அடிச்சதை நீங்களே பார்த்தீங்க. 2021 ஏப்ரல்ல இருந்து நோய்க் கண்காணிப்புக்கு நாடு முழுக்க ஓர் இணையத் தளமும் வந்தாச்சு. பரவல் எங்கேன்னு இடத்தோடயே பதிவாகும்.

நல்ல விஷயம். ஆனா இது எல்லாமே வேகமாப் பரவற நோய்களுக்கு. பத்து, இருபது வருஷம் மெதுவா வேலை செய்யற தண்ணிக்கு இந்த மேப் போதாது.

28/
எங்க ஓபி-ல ஒரு நாளைக்கு எத்தனையோ பேர். சீட்டுல பேரு, வயசு, ஊரு, நோய். அவ்வளவுதான் இடம். நான் பழக்கமா ஒரு கேள்வி சேர்த்துக் கேட்பேன்.

"குடிக்கத் தண்ணி எங்கம்மா பிடிக்கிறீங்க?"

"கேன் வாங்கறோம் சார்."

"சமைக்க?"

"போர்தான். உப்புக் கரிக்கும். துணி துவைச்சா நுரையே வராது."

"முன்னாடியும் கேன்தானா?"

"அதெல்லாம் இப்போதான். எங்க மாமியார் காலத்துல ஆத்துல ஊத்துத் தோண்டிக் கொண்டாருவாங்க."

ஒரு குடும்பத்தோட நாற்பது வருஷத் தண்ணி வரலாறு ஒரு நிமிஷத்துல வந்துடுது. அதை எழுதி வைக்க சீட்டுல ஒரு கட்டம் இல்லை.

29/
டாக்டரா ஒரு பொறுப்பான வார்த்தையும் சொல்லணும்.

இந்தப் பகுதியில யாருக்குக் கிட்னி கெட்டாலும், கேன்சர் வந்தாலும் "தோல் ஷாப்தான் காரணம்"னு நான் சொல்ல மாட்டேன். சர்க்கரை, பிரஷர், புகையிலைன்னு நூறு காரணம் இருக்கு. குரோமியத்துலயே ரெண்டு வகை. தோல் பதனிடப் போடறது மூவிணைய வகை. ராணிப்பேட்டையில 1990-கள்ல மூடின குரோமேட் ஆலையில லட்சம் டன்னுக்கு மேல கிடக்கிற கழிவுதான் அறுவிணைய வகைக்குப் பேர் போனது. புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியானது அந்த வகை.

காரணம் இதுன்னு சொல்லவும் மேப் வேணும். காரணம் இது இல்லைன்னு சொல்லவும் அதே மேப் வேணும்.

30/
அப்புறம், இது தொழிலுக்கு எதிரான பேச்சும் கிடையாது. ஆம்பூர் ஷூ கம்பெனிகள்ல வேலை செய்யற பெண்களோட சம்பளத்துல எத்தனை பிள்ளைங்க காலேஜ் போறாங்கன்னு இந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்குத் தெரியும். அவங்களும் இதே தண்ணியைத்தான் குடிக்கிறாங்க. ஆலைக்கு உள்ளயும் நம்ம மக்கள், வெளியவும் நம்ம மக்கள்.

31/
அப்போ என்ன செய்யலாம்? எனக்குத் தோணுற மூணு விஷயம்.

ஒண்ணு: பாலாற்றுக் கரை ஊர்கள்ல ஓபி பதிவுல தண்ணி ஆதாரத்துக்கு ஒரே ஒரு கட்டம். குழாயா, போரா, கேனா, எத்தனை வருஷமா.

ரெண்டு: அந்தப் பதிவுகளைப் பேரு, முகவரி இல்லாம, ஊர் வாரியா, கிணத்துத் தண்ணி அளவுகளோட ஒரே வரைபடத்துல வைக்கிறது. மூணு மாவட்டத்தையும் சேர்த்து, ஆத்தோட வரிசையில.

மூணு: பாதிப்பைக் கணக்கெடுக்கும்போது சர்வே எண்ணோட ரேஷன் கார்டையும் அலகா எடுக்கிறது. நிலம் இல்லாதவரும் கணக்குல வருவார்.

32/
நீங்க உங்க அளவுல செய்யக்கூடியது: போர் தண்ணியைப் பரிசோதிங்க. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகம் உண்டு. இந்திய தர நிர்ணயப்படி குடிநீரில் டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்கணும். வேற வழியே இல்லைன்னா 2000 வரை. குரோமியம் 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ரிசல்ட்டோட தேதியையும் கிணறு இருக்கிற இடத்தையும் குறிச்சு வைங்க. அடுத்த வருஷமும் எடுங்க. ரெண்டு ரிசல்ட் சேர்ந்தாலே அது வரலாறு.

33/
பாலாற்றைக் கல்வெட்டுக்காரங்க வரைஞ்சாங்க, தானத்துக்காக. கம்பெனிக்காரங்க வரைஞ்சாங்க, வரிக்காக. இஸ்ரோ வரைஞ்சது, வளத்துக்காக. விஞ்ஞானிகள் வரைஞ்சாங்க, உப்பு எங்க போகுதுன்னு பார்க்க. கோர்ட் வரைஞ்சது, இழப்பீட்டுக்காக.

அந்தத் தண்ணியைக் குடிச்சவங்களை வச்சு இன்னும் யாரும் முழுசா வரையலை. அதுக்குத் தேவையான பாதித் தகவல் ஒவ்வொரு நாளும் எங்க ஓபி வாசல்ல வரிசையில நிக்குது.

இந்தப் பகுதி ஆளுங்க யாராவது படிச்சா, உங்க ஊர்ல எந்த வருஷத்துல இருந்து கிணத்துத் தண்ணி குடிக்கிறதை நிறுத்தினீங்கன்னு கீழே எழுதுங்க. ஊர், வருஷம். அது போதும்.



பி.கு.: அரசு மருத்துவமனையில் வேலை செய்யும் ஒரு எம்பிபிஎஸ் மருத்துவரின் தனிப்பட்ட கருத்துகள் இவை.